இரவைப் பார்த்துப் பூவிதை தேர்ந்தெடுத்தல்

காட்டுப்பூ விதைப் பொட்டலங்களின் மேல் அச்சாகும் படங்களில் எப்போதும் பகல்தான் இருக்கும். இளவெயிலில் சிவப்புப் பாப்பியும் நீலக் கார்ன்ஃபிளவரும் கலந்து அசையும் புல்வெளி அது. அந்தப் புல்வெளிக்கு ஓர் இரவும் உண்டு என்பதைப் படம் சொல்வதில்லை. குளிர்காலம் முழுவதும் உறைபனியில் கிடந்து, இளவேனிலிலும் பத்து டிகிரி செல்சியசை ஒட்டிக் குளிரும் அந்த இரவுகளுக்குப் பழகிய பூக்கள் அவை. வெப்பமும் ஈரமும் மிகுந்த தட்பவெப்பத்தில் விதை வாங்குபவர்கள் "இது வெயிலைத் தாங்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக இத்தகைய விதைகளை வாங்கியும் சேகரித்தும் விதைத்தும் வருகிற எனக்கு அந்தக் கேள்வி போதாது என்றே தோன்றுகிறது. நம் இரவுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டால்தான் சரியான விதை கைக்கு வரும்.

செடி பகலில் சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவில் அதில் ஒரு பங்கைச் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தாவரவியலில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. ஆகவே, இரவு 15 டிகிரிக்கு இறங்கும் இடத்தில் உருவான ஓர் இனம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகளில் வளர நேரும்போது, பகலில் சேர்த்ததில் கூடுதலான பங்கை விடிவதற்குள் இழந்துவிடுகிறது. தண்டு மெலிந்து நீள்கிறது, மொட்டு சிறுக்கிறது, பூ சீக்கிரம் உதிர்கிறது. நெல்லில் இந்த இரவு வெப்பத்தின் விளைவை வயலிலேயே அளந்திருக்கிறார்கள். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பதிவுகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது விளைச்சல் பத்து விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. பகலின் உச்ச வெப்பநிலைக்கு அப்படியொரு தெளிவான விளைவு தென்படவில்லை. பூச்செடிகளுக்கு அதே எண்ணைப் பொருத்த முடியாது என்றாலும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இது சொல்கிறது.

இதனால்தான் "வெப்பம் தாங்கும்" என்று பொட்டலத்தில் இருக்கும் சொற்களை நான் அப்படியே ஏற்பதில்லை. அந்தச் சொற்கள் பெரும்பாலும் வறண்ட வெப்பத்தையே குறிக்கின்றன. பாலைநிலத்துப் பூக்களும் கலிஃபோர்னியா பாப்பியும் கசேனியாவும் பகலில் கடும் வெயிலைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அவை பழகிய நிலத்தில் சூரியன் மறைந்ததும் வெப்பம் சட்டென இறங்கிவிடும், காற்றிலும் ஈரம் இராது. அதே செடியை, நள்ளிரவிலும் வியர்க்க வைக்கும் காற்றில் வைத்தால் வேர்க்கழுத்திலிருந்து அழுகத் தொடங்குகிறது. விதை கெட்டதென்றோ விதைத்தவருக்குக் கைராசி இல்லையென்றோ முடிவுகட்டுவது நியாயமன்று.

குளிரைக் கேட்கும் விதைகளை இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். வட அமெரிக்க எருக்கினங்களில் பலவும், குளிர்நிலப் பல்லாண்டுச் செடிகளில் பலவும், ஈரத்தோடு சேர்ந்த குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் உறக்கம் கலைந்து முளைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஈரமணலோடு வைத்து அந்தக் குளிரைக் கொடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஃபாக்ஸ்கிளவ் போன்ற ஈராண்டுச் செடிகள் முளைத்த பிறகும், பூப்பதற்கு முன் மீண்டும் ஒரு குளிர்காலத்தைக் கேட்கும். முளைக்கவைப்பது ஒன்று, பூக்கவைப்பது வேறு. முளைக்க மட்டும் வழி சொல்லும் குறிப்பை நம்பி விதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்ததாக இரவின் ஈரம். மழை பெய்யாத நாளிலும் இந்தத் தட்பவெப்பத்தில் பின்னிரவில் இலைகள் நனைந்துவிடுகின்றன. பனித்துளி காலை வெயில் ஏறும்வரை காய்வதில்லை. இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சைகளின் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய இப்படித் தொடர்ந்து சில மணி நேரம் இலை நனைந்திருந்தால் போதும். சாம்பல் நோய்க்கு அந்த நீர்த்துளிகூட வேண்டாம், காற்றின் ஈரமே போதுமானது. பெரிய பூக்கள் கொண்ட ஸின்னியாவில் இந்த இரண்டையும் பார்த்திருப்பீர்கள்: அடி இலைகளில் முதலில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும், பிறகு மாவு தூவினாற்போல் ஒரு வெண்படலம் மேலேறும், பூ உச்சியில் பளபளப்பாக இருக்கும்போதே கீழ்ப்பாதி காய்ந்து நிற்கும். குறுகிய இலையும் சிறிய பூவும் கொண்ட ஸின்னியா அங்குஸ்டிஃபோலியா இந்த நோய்களை நன்கு எதிர்க்கிறது. படத்தில் அது எளிமையாகத் தெரியும். ஆனால் மழைக்குப் பிந்தைய மாதங்களிலும் தரையோடு படர்ந்து, அடியிலிருந்து நுனிவரை பசுமை மாறாமல் பூத்துக்கொண்டிருக்கும். ஸின்னியாவில் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, கண்ணைப் பறிக்கும் பெரிய பூவை விட்டுவிட்டு இதையே வாங்கச் சொல்கிறேன்.

ஈரத்தால் வரும் இன்னொரு கேடு இன்னும் முன்னதாகவே வந்துவிடும். நாற்றழுகல் நோய் தாக்கிய நாற்றை அருகில் குனிந்து பார்த்தால், இரண்டு விதையிலைகளும் பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி, நூலாக இளைத்து, நாற்று ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை இது. மெதுவாக முளைக்கும் விதை இந்த ஆபத்தில் நீண்ட நாள் இருக்கிறது; வேகமாக முளைத்துத் தண்டு முற்றும் விதை அதைக் கடந்துவிடுகிறது. ஆகவே வெப்பமான ஈரமண்ணில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும் இனங்களைத் தேர்ந்தெடுப்பதே மருந்து தெளிப்பதைவிடப் பயன் தரும் பாதுகாப்பு. காசித்தும்பை, காஸ்மோஸ், துலுக்கச்சாமந்தி ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை.

இனி இரவின் நீளத்துக்கு வருகிறேன். விதை தேர்வைப் பற்றிய குறிப்புகளில் மிகவும் அரிதாகப் பேசப்படுவதும், என் கருத்தில் மிக முக்கியமானதும் இதுதான். 1920-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர், கோடைக்காலம் முழுவதும் பூக்காமல் உயர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையை ஆராய்ந்து, செடி பூக்கும் காலத்தைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்று வெளியிட்டார்கள். 1938-இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தைச் செடியை வைத்துச் செய்த சோதனைகள், செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தையே என்பதைக் காட்டின. நீண்ட இரவின் நடுவே சற்று நேரம் விளக்கைப் போட்டபோது செடி பூக்கவில்லை. பகலின் நடுவே சற்று நேரம் இருட்டாக்கியபோது எந்த மாற்றமும் இல்லை.

பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். பத்தாவது அட்சரேகையில்கூட மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை எட்டுவதில்லை. முப்பதாவது அட்சரேகைக்குப் போனால் அது பதினான்கு மணி நேரம் ஆகிறது. இப்போது ருட்பெக்கியா ஹிர்ட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் இதழும் கரும்பழுப்பு நடுவும் கொண்ட இந்தப் பூ, காட்டுப்பூக் கலவைகளில் தவறாமல் இடம்பெறுவது. வெப்பத்தையும் ஓரளவு ஈரத்தையும் தாங்கும் என்று சொல்லப்படுவதும் பொய்யன்று. ஆனால் அது நீண்ட பகலையும் குறுகிய இரவையும் பெற்றால் மட்டுமே பூக்கும் செடி. ஆய்வு செய்யப்பட்ட தோட்ட ரகங்கள் ஏறக்குறைய பதினான்கு மணி நேரப் பகலைக் கேட்கின்றன. பன்னிரண்டு மணி நேரப் பகலில் அது நோயின்றி, வாட்டமின்றி, தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே இருந்துவிடும். உரம் போதவில்லை என்று உரமிடுவார்கள், தண்ணீர் கூடிவிட்டதென்று குறைப்பார்கள். செடிக்கு வேண்டியது அவை எதுவும் அல்ல. அதே இனம் வட அமெரிக்காவில் வடக்கே கனடாவிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை இயற்கையாக வளர்கிறது. ஆகவே இனத்தின் பெயரோடு, அந்த விதை எந்த அட்சரேகையில் சேகரிக்கப்பட்டது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தெற்கில் வாழ்ந்த செடிகளின் வழிவந்த விதை, தெற்கின் இரவு நீளத்துக்குப் பழகிய விதை.

நீண்ட இரவை விரும்பும் பூக்களும் இருக்கின்றன என்பதுதான் நமக்கு நல்ல செய்தி. காஸ்மோஸ், ஸின்னியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை ஆகிய இவை இரவு நீளும்போது விரைந்து பூப்பவை. காசித்தும்பை இந்த ஆராய்ச்சித் துறையில் நெடுங்காலம் பயன்பட்ட நீளிரவுச் செடிகளில் ஒன்று. வெப்பநிலங்களில் இவை செழிப்பதற்கு வெப்பம் தாங்கும் இயல்பு மட்டும் காரணமன்று, இரவின் கணக்கும் பொருந்திவருவதே காரணம். இதிலிருந்து வரும் ஒரு நடைமுறைக் குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கோ வாசல் விளக்கோ இரவெல்லாம் நேராக விழும் மூலையில் இத்தகைய செடிகளை விதைக்காதீர்கள். பாத்தியின் ஒரு முனை பூத்துக் குலுங்க, விளக்குக்கு அருகிலிருக்கும் முனை மட்டும் இலையாகவே நின்றால், மண்ணைத் தோண்டிப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் எந்த விதைகள் மிஞ்சும்? என் தேர்வில் முதலிடம் காசித்தும்பைக்கு. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஈரநிலங்களில் இயல்பாக வளர்வது. பாதி நிழலையும் ஏற்கும். மழையில் ஓரளவு சாய்ந்தாலும் எழுந்துகொள்ளும். அடுத்தது கோழிக்கொண்டையின் காட்டு வடிவமான பண்ணைக்கீரைப் பூ. தோட்ட ரகங்களின் தடித்த கொண்டையில் மழைநீர் தங்கி அழுகுவதைப்போல, வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த இதன் மெல்லிய கதிரில் நீர் தங்குவதில்லை. வாடாமல்லியை ஈரம் கொஞ்சம் வடியும் மேட்டில் விதைக்க வேண்டும். அதன் விதை பஞ்சு போன்ற உறைக்குள் இருப்பதால் முளைப்பு சீராக இராது, அதற்கேற்பச் சற்று நெருக்கமாகத் தூவலாம். காஸ்மோசில் இரண்டு இனங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. இளஞ்சிவப்பில் பூக்கும் பைபின்னாட்டஸ் மெக்சிகோவைச் சேர்ந்தது என்றாலும் குளிர்ந்த இரவுகளில்தான் அழகாக வருகிறது. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கும் சல்ஃபூரியஸ்தான் வெப்பமான இரவுக்கு உரியது. மணற்பாங்கான கடலோர நிலமாக இருந்தால் கெய்லார்டியா புல்செல்லாவைச் சேர்த்துக்கொள்ளலாம். உப்புக்காற்றை அது பொருட்படுத்தாது. ஆனால் களிமண்ணில் நீர் தேங்கினால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பயறு வகைக் குடும்பத்திலிருந்து சங்குப்பூவையும் கிலுகிலுப்பையையும் சேர்ப்பது என் வழக்கம். இரண்டின் விதைகளுக்கும் நீர்புகாத கடினமான தோல் உண்டு. அரத்தாள் கொண்டு ஒரு பக்கம் மெல்லத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்தால் பருத்துவிடும். பருக்காமல் அப்படியே இருக்கும் விதையை மீண்டும் தேய்க்க வேண்டும். காய்ந்து உடைந்த கிலுகிலுப்பைக் கிளைகளில் வரியன் இனத்து ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சும். இனப்பெருக்கத்துக்கும் தற்காப்புக்கும் வேண்டிய ஆல்கலாய்டுகளை அவை அதிலிருந்து பெறுகின்றன. அதே வேதிப்பொருள் கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் என்பதால், மாடும் ஆடும் மேயும் இடத்தில் கிலுகிலுப்பையை விதைக்கக் கூடாது.

தனித்தனியாக வாங்காமல் கலவையாக வாங்குபவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலவையில் ஒவ்வோர் இனமும் எத்தனை விழுக்காடு என்று போடுவது எடையை வைத்துத்தான். ஸின்னியா விதை ஒரு கிராமுக்குச் சுமார் நூறு முதல் நூற்றைம்பதுதான் இருக்கும்; ருட்பெக்கியா விதை மூவாயிரத்துக்கும் மேல். எடையில் சரிபாதி என்று போட்டிருந்தால் எண்ணிக்கையில் ஒன்றுக்கு இருபது, முப்பது என்று இருக்கும். மேற்சொன்னபடி நம் இரவில் பூக்காத இனம் அந்தப் பெரும்பான்மையாக அமைந்துவிட்டால், வாங்கிய கலவை வெறும் இலைக்கொத்துகளாக நிலத்தை மூடி, பூக்கக்கூடிய செடிகளையும் நெருக்கிவிடும். ஆகவே பட்டியலில் இனப்பெயர் ஒவ்வொன்றும் தெளிவாக எழுதப்படாத கலவையை வாங்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். புறத்தூய்மை, முளைப்புத்திறன் என்ற இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள்: 90 விழுக்காடு தூய்மையும் 70 விழுக்காடு முளைப்பும் என்றால், முளைக்கக்கூடிய தூய விதை 63 விழுக்காடுதான். மீதி உமியும் தூசும் உயிரற்ற விதையும்.

பரவிவிடும் செடிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். உறைபனி விழும் நாடுகளில் ஒரு குளிர்காலம் கொன்றுவிடும் செடிகள், வெப்பமும் ஈரமும் நிறைந்த நிலத்தில் சாவதில்லை. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகக் கொண்டுசெல்லப்பட்டு, இன்று உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றவை. நான் மேலே பாராட்டிய காஸ்மோஸ் சல்ஃபூரியசும் சில வெப்ப நாடுகளில் வயலோரங்களுக்குத் தப்பிப் பரவியிருக்கிறது. வேலி போட்ட தோட்டத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். காட்டோரத்திலோ ஆற்றங்கரையிலோ தூவுவது தவறு. அத்தகைய திறந்த இடங்களுக்கு, அந்த மண்ணுக்கே உரிய இனங்களின் விதை மட்டுமே பொருந்தும். அதையும் ஓரிடத்தில் முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் சேகரிக்க வேண்டும்.

நல்ல விதையை வாங்கியபின் அது கெட்டுப்போவதும் இதே ஈரத்தால்தான். விதை உலர்ந்த பொருளாகத் தெரிந்தாலும், சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை ஏற்றுக்கொண்டே இருக்கிறது. விதைச் சேமிப்பில் புகழ்பெற்ற ஹாரிங்டனின் விதிப்படி, விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். சேமிக்கும் வெப்பநிலை ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். இதைச் சுருக்கி இன்னொரு கணக்கும் வழங்குகிறது: ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் நூறுக்குள் இருக்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸ் என்பது 86 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 80 என்றால் கூட்டுத்தொகை 166. திறந்த அலமாரியில் காகித உறையில் வைத்த விதை ஒரே மழைக்காலத்தில் உயிரிழப்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. காற்றுப்புகாத கண்ணாடிச் சீசாவில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்து, ஐந்து டிகிரி செல்சியசில், அதாவது 41 ஃபாரன்ஹீட்டில் வைத்தால், உள்ளே ஈரப்பதம் முப்பது விழுக்காடாக இருந்தாலும் கூட்டுத்தொகை 71-தான். சீசாவை வெளியே எடுத்ததும் திறந்துவிடக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து திறந்தால்தான் குளிர்ந்த விதையின் மேல் நீர் படியாது. வாங்கும்போதும் காகித உறையைவிட அலுமினியத் தாள் உறையில் அடைத்ததையே தேர்ந்தெடுங்கள். சோதனை செய்த தேதியைப் பாருங்கள்.

இருப்பில் இருந்த விதையைத் தூவுவதற்கு முன் ஈரத்துணியில் ஐம்பது விதைகளைப் பரப்பிச் சுருட்டி வைத்து முளைப்பை எண்ணிப் பார்ப்பது சிறிய வேலை. பாதிக்கும் குறைவாக முளைத்தால் அந்த விதையை இரண்டு மடங்காகத் தூவுவதைவிடப் புதிதாக வாங்குவதே மேல், ஏனென்றால் முதுமையால் தளர்ந்த விதையின் நாற்றுகள்தாம் நாற்றழுகலுக்கு முதலில் இரையாகின்றன. தூவும் காலத்தையும் இரவே சொல்லும். கனமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே இரவுகள் சற்றுக் குளிரத் தொடங்கும் வாரங்கள்தாம் மிகச் சிறந்தவை. கனமழைக்கு முன் தூவிய நுண்விதை நீரோடு ஓடி, பாத்தியின் பள்ளமான மூலையில் திட்டாக முளைக்கும். பத்துமணிப்பூ போன்ற மிக நுண்ணிய விதைகள் முளைக்க ஒளி வேண்டும். ஆகவே மணலோடு கலந்து தூவி, மண்ணால் மூடாமல் உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும்.

முதல் பருவம் முடிந்ததும் சொந்த விதையை எடுக்கத் தொடங்குங்கள். காசித்தும்பைக் காய் முற்றும்போது அடர்பச்சை வெளிறி மஞ்சள் தட்டும், விதைகள் இருக்கும் இடங்கள் புடைத்துத் தெரியும். அந்த நிலையில் விரல் பட்டாலே ஐந்து தோல்களும் உட்புறமாகச் சுருண்டு விதைகளை வீசிவிடும். ஆகவே மெல்லிய துணிப்பையைக் காயின் மேல் முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும். நோய் தொடாத செடியிலிருந்தும், மழைக்குப் பிறகும் இலை தெளிந்திருந்த செடியிலிருந்தும் மட்டும் எடுத்தால், சில தலைமுறைகளில் அந்த நிலத்தின் இரவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் விதை சேரும். இதற்காகவே வாங்கும் நாளில் வீரிய ஒட்டு ரகங்களைத் தவிர்த்துவிடச் சொல்கிறேன். அவற்றின் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போல இராது. இயல்பாக மகரந்தச் சேர்க்கை நடந்த ரகங்களில் மட்டுமே இந்தத் தெரிவு தொடர்ந்து பலன் தரும்.